அண்ணி போட்ட தரை

அண்ணி பகலில் பல் செய்வாள், மாலையில் மண் செய்வாள். பல் செய்வது சம்பளத்துக்கு. மண் செய்வது எதற்கு என்று வெகுகாலம் அவள் யோசித்ததில்லை.

பல் மருத்துவமனை ஒன்றின் பின்பக்க அறையில் வேலை. ஜன்னலோரம் நீள மேசை, ஸ்பிரிட் விளக்கு, வாய் பிளந்தபடி வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டர் தாடைகள். டாக்டர் அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் ஈறு செதுக்கி, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, மேலும் கீழும் கடி பொருந்துகிறதா என்று பார்த்து அனுப்புவாள். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் அவள் செய்த பல்லோடுதான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாருக்கும் அவளைத் தெரியாது. அதில் அவளுக்குக் குறை இல்லை. பல் கட்டியவள் பெயரை யார் வாய்க்குள் எழுதிவைத்துக்கொள்வார்கள்?

அண்ணி என்பது கணவரின் நண்பர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்துப்போன பெயர். கணவருக்கும் அப்படியொரு பெயர் உண்டு: கர்னல். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பிரிவில் இருந்தார். இளவயதில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது வரிசையில் போய் நின்று, கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அவர்கள் சேர்த்துக்கொள்ளாவிட்டால் என்ன, நானே ஒரு படை வைத்துக்கொள்கிறேன் என்று இறங்கிவிட்டார். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஈயச் சிப்பாய்கள். பழைய காலத்துப் பேரரசு ஒன்றின் காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி, சாமான் வண்டி எல்லாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டப் பழக்கும் பள்ளியின் மாடி அறையில் பெரிய மேசையைப் போட்டு, அவரைப் போன்ற சிலர் படைகளை எதிரெதிரே நிறுத்துவார்கள். அளவுநாடாவால் தூரம் அளந்து நகர்த்துவார்கள். பகடை உருட்டி யார் செத்தார்கள் என்று முடிவு செய்வார்கள். பேரன் எடுக்கும் வயதில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் "உன் குதிரையைத் தொலைச்சுட்டேன் பாரு" என்று கத்திக்கொள்வது கீழே கிளட்சை மிதிக்கப் பழகுபவர்களுக்குக் கேட்கும்.

கர்னலுக்குக் கை நல்ல கை. கடையில் வாங்கும் சிப்பாய்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள், எல்லோரும் ஒரே காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அது அவருக்குப் பிடிக்காது. தலையில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருவன் கழுத்தை அறுத்து இன்னொருவன் தோளில் பொருத்துவார். மணிக்கட்டைத் துளைத்து மெல்லிய கம்பி செருகித் துப்பாக்கியைக் கை மாற்றிக் கொடுப்பார். காய்ந்தால் கல்லாய் இறுகும் இரண்டு நிற ஒட்டுமாவைப் பிசைந்து நனைந்த கோட்டு மாட்டிவிடுவார். வேலை முடிந்து வந்து பையை வைக்கும்போதே அண்ணி கேட்பாள், "இன்னிக்கு எத்தனை தலை போச்சு?"

கல்யாணமான புதிதில் தன் முதல் படைப்பிரிவைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். நாலைந்து சிப்பாய்களைச் சேர்த்து ஓர் அட்டைத் துண்டில் ஒட்டி, அட்டைக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார். அந்த அட்டைக்கு அவர்கள் பாஷையில் பேஸ் என்று பெயர். மேசையில் நகர்த்துவது ஆளை அல்ல, பேஸைத்தான்.

அண்ணி குனிந்து பார்த்தாள். "ஆளெல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. எங்க நிக்கிறாங்க?"

"எங்கன்னா? பேஸ் மேலதான்."

"அதான் கேக்கறேன். கேரம் போர்டு மேல நிக்கிற மாதிரி நிக்கிறாங்களே. மழையில ஆத்தைக் கடந்து வந்தவங்கன்னு நேத்து பூரா சொன்னீங்க. ஒருத்தன் கால்லயும் சேறு இல்லையே."

கர்னல் முகம் சுருங்கிற்று. பிறகு சிரித்துவிட்டார். "நீயே போட்டுக் குடு, பார்ப்போம்."

அப்படித் தொடங்கியது. மறுநாள் அவள் வேலையிடத்தில் மிஞ்சிய பிளாஸ்டரைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். சிப்பாயின் பாதத்தைச் சுற்றிப் பிளாஸ்டரை அணைத்து, ஈறு செதுக்கும் அதே கத்தியால் சேற்றின் விளிம்பை இழுத்துவிட்டாள். மணலை மூன்று சல்லடையில் சலித்தாள். பெரியது கல், நடுத்தரம் சரளை, பொடி மண். வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்தால் உதிர்ந்த இலை. கால்மிதியிலிருந்து பிடுங்கிய நார் காய்ந்த புல். தண்ணீர் தேங்கிய குழியில் பசையை இரண்டு மூன்று தடவை விட்டுக் காயவைத்தால் வானம் தெரியும். கர்னல் பேஸ் என்றார். அவள் தரை என்றாள். கடைசி வரை இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

நல்ல வருஷங்கள்தான் அவை, இல்லையென்று சொல்லக் கூடாது. சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவர், எதிரே அவள், நடுவில் மகள் வீட்டுப்பாடம். அவர் போர்ச் சரித்திரத்தை உரக்கப் படிப்பார்.

"இந்த இடத்துல வண்டியெல்லாம் புதைஞ்சுடுச்சாம்."

"எவ்வளவு ஆழம்?"

"அதெல்லாம் போடலை."

"போடாம பின்ன என்னத்தைப் புத்தகம் எழுதினாரு? ஆள் எத்தனை செத்தாங்கன்னு மட்டும் எழுதத் தெரியுது."

அந்தக் கேள்வியிலிருந்துதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. படை வந்து நிற்கும் இடத்தில் ஒரு வண்டிப்பாதை இருந்திருக்க வேண்டும். அதை அவள் சிப்பாய்களின் கால்முனைக்கு முன்னால், ஒவ்வொரு தரையின் முன்விளிம்போரமாக, இரண்டு சக்கரத் தடமாகக் கீறினாள். ஒரு தரையில் தடம் முடியும் இடத்தில் அடுத்த தரையில் தொடங்கும். கர்னல் எப்போதும் ஒரே வரிசையில்தான் படையை நிறுத்தித் தொடங்குவார். அப்படி நிறுத்தினால் இடது கோடியிலிருந்து வலது கோடி வரை பாதை ஒரே பாதையாக ஓடும். ஓரிடத்தில் குழியைச் சுற்றி வளையும். ஓரிடத்தில் சக்கரம் வழுக்கிய சிராய்ப்பு. கடைசிப் பீரங்கிக்கு முன்னால் புதைந்து, பிடுங்கி எடுத்த பள்ளம்.

இதை அவள் அவரிடம் சொல்லவில்லை. தானாகப் பார்ப்பார் என்று இருந்தாள். புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவள், சொல்லாமல் இருப்பாளே, அந்த மாதிரி. ஆனால் கர்னல் நிற்பது படைக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் முதுகும் கொடியும்தான் தெரியும். ஒவ்வொரு தரையிலும் ஏதோ கோடு இருப்பது அவருக்குத் தெரியும். கோடுகள் சேர்வது தெரியாது. வருஷங்கள் போயின. சொல்லாமல் இருந்ததே பழகிப்போயிற்று.

ஒரு முறை மாடி அறையில் படைகளைப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். அண்ணியும் போயிருந்தாள். பார்க்க வந்த ஒரு பெண்மணி அவளிடம், "நீங்களும் இதுல உண்டா?" என்று கேட்டாள். அண்ணி வாயைத் திறப்பதற்குள் கர்னல் முந்திக்கொண்டார். "உண்டே. இவங்க இல்லேன்னா எங்களுக்கு டீ ஏது?" எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். படைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த பெயர் அட்டையில் படை உருவாக்கம் என்று போட்டு அவர் பெயர் மட்டும் இருந்தது. அதற்கு முன்பு வீட்டில் எத்தனையோ தடவை அந்த அட்டையை அவளே துடைத்து வைத்திருக்கிறாள். அன்றுதான் படித்தாள்.

வீட்டுக்கு வந்து கேட்டாள். "அந்த அட்டையில தரைக்கு என் பேரைப் போட்டா என்ன?"

"போட்டா போச்சு. இதெல்லாம் ஒரு விஷயமா? அடுத்த தடவை போட்டுடலாம்."

அடுத்த தடவை அட்டை பழசே போதும் என்றார். அதற்கடுத்த தடவை மறந்துவிட்டார். அண்ணி மூன்றாவது முறை கேட்கவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை.

அப்போதுதான் பெரிய நகரத்தில் நடக்கும் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. பல ஊர்ப் படைகள், நடுவர்கள், கோப்பை. கர்னல் கால் தரையில் பாவாமல் நடந்தார். அண்ணி அவர் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள், "அங்க வைக்கிற அட்டையில என் பேர் வரணும். வரலேன்னா நான் வரமாட்டேன்."

"உன் பேர் இல்லாமலா? சத்தியமா வரும்."

அந்த வாரமே மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாகப் போன் வந்தது. அண்ணி விடுப்பு போட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போனாள். பேரனைக் குளிப்பாட்டி, மகளைத் தேற்றி, மாப்பிள்ளைக்குத் துணி காயப்போடக் கற்றுக்கொடுத்துத் திரும்பி வரும்போது மழைக்காலம் முடிந்திருந்தது.

வந்தவள் முதலில் சமையலறைக்குப் போனாள். மகள் கொடுத்தனுப்பிய மீன் கெட்டுப்போவதற்குள் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். திறந்தாள். பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தது. ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே குதிரைப்படை, உறைபனி படிந்து.

"ஏங்க..."

கர்னல் ஹாலிலிருந்து உற்சாகமாக வந்தார். "பார்த்துட்டியா? குளிர்ல வச்சா அந்தப் பசை கண்ணாடி மாதிரி ஆயிடும். லேசா நெம்பினா டக்குனு வந்துடும். ஒரு கால்கூட ஒடியல தெரியுமா?"

"எதுக்கு நெம்பணும்?"

"ஆட்டத்துக்குப் புது விதி வந்துடுச்சும்மா. பேஸ் அகலம் மாத்திட்டாங்க. கண்காட்சியிலயும் அதான். பழைய அளவுல நிறுத்தினா சேர்த்துக்கவே மாட்டாங்க."

சாப்பாட்டு மேசையில் காலாட்படை முழுதும் புது அகலத்தில், வெறும் கறுப்பு அட்டைகளில் நின்றது. சுத்தமாகக் கழுவித் துடைத்த கால்கள்.

"தரையெல்லாம் எங்க?"

அவர் துணி துவைக்கும் இடத்தைக் காட்டினார். பழைய வாளி ஒன்றில் எல்லாம் கொட்டிக் கிடந்தது. அண்ணி ஒன்றை எடுத்தாள். பசை சுத்தமாக விட்டிருந்ததால் ஆள் நின்ற இடத்தில் பாதத்தின் குழி அப்படியே இருந்தது. முன்னால் சக்கரத் தடம்.

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே."

"பேரன் பொறந்த நேரத்துல இதுக்காக உன்னைத் தொந்தரவு பண்ணணுமான்னுதான்..."

"அப்படியே தூக்கிப் பெரிய அட்டை மேல வச்சு, சுத்திக் கொஞ்சம் மண்ணை இழுத்துவிட்டிருந்தா முடிஞ்சுதே. ஒண்ணையும் பிரிச்சிருக்க வேண்டாமே."

கர்னல் கொஞ்ச நேரம் அட்டையையும் வாளியையும் பார்த்தார். அந்த வழி அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. தெரிந்ததை மறைக்கக் குரலை உயர்த்தினார். "சரி விடு, மண்ணுதானே? ஆளா செத்துட்டாங்க? உனக்கு இது ஒரு வேலையா, கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடுவ."

அண்ணி மீனை எடுத்து ஃப்ரீசரில் வைத்தாள். குதிரைப்படையை வெளியே எடுத்து வைத்தாள். "போட்டுத் தரேன். அட்டையில பேர் வரணும்."

"வரும்னு சொல்லிட்டேனே, எத்தனை தடவை சொல்றது?"

அவள் போட்டுத் தந்தாள். எப்படிப் போட்டாள் என்பதுதான் விஷயம். பசை தடவினாள், மணலில் அமுக்கினாள், பழுப்பு அடித்தாள், மேலே வெளிர்நிறத்தை உலர்ந்த தூரிகையால் இழுத்தாள், கடையில் விற்கும் புல் கொத்தை மூலைக்கு ஒன்றாக ஒட்டினாள். குழி இல்லை, வானம் தெரியும் தண்ணீர் இல்லை, வண்டிப்பாதை இல்லை. சின்னப் பிள்ளைக்குக்கூட வரும் வேலை. பல் மருத்துவமனையில் பழகுநராகச் சேருபவர்கள் முதல் மாதம் செய்யும் பல்லைப் போல் எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை. ஒவ்வொன்றாக அவர் பக்கம் தள்ளும்போது இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தாள். என்ன இது, சேறு எங்கே என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் அத்தனையையும் பிரித்து மறுபடி போட்டிருப்பாள். சண்டை போட்டுக்கொண்டேதான், ஆனால் போட்டிருப்பாள்.

கடைசித் தரை காய்ந்ததும் கர்னல் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"முன்னைவிட நல்லா இருக்கு. நீட்டா இருக்கு."

அண்ணி தூரிகையைக் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

கண்காட்சி மண்டபம் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம் போல் எதிரொலித்தது. வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு அட்டை. கர்னல் படையை நிறுத்தினார். எதிர்ப்பக்கம் வழக்கம்போல் மருந்துக்கடைக்காரர். கர்னலோடு பல வருஷமாக ஆடி, பெரும்பாலும் தோற்பவர். அவர் தன் பழைய பேஸ்களைப் பிரிக்காமல் அப்படியே பெரிய அட்டையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அண்ணி அதைப் பார்த்தாள். கர்னல் பையிலிருந்து அச்சடித்த அட்டையை எடுத்து நிறுத்தினார். படை உருவாக்கம் என்று போட்டு அவர் பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: ஒத்துழைப்பு, குடும்பத்தினர்.

"இது என்னங்க?"

"ஏன், போட்டிருக்கேனே."

"என் பேர் எங்க?"

"குடும்பத்தினர்னா நீதானே? வேற யாரு இருக்கா நம்ம வீட்டுல? தனியா பேரைப் போட்டா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குன்னு அச்சுக்கடையிலயே சொன்னான்."

சொல்லிவிட்டு அவர் கொடியைச் சரிசெய்யப் போய்விட்டார். நடுவர்கள் வந்தார்கள். நனைந்த கோட்டுகளைப் புகழ்ந்தார்கள். ஒருவர் தரையைத் தொட்டுப் பார்த்து, "சுத்தமான வேலை" என்றார். கர்னல் அடக்கமாகத் தலையசைத்தார். "அதெல்லாம் வீட்டு மணல்தான் சார், டீத்தூள், அது இது. யாரு வேணும்னாலும் போடலாம்." இந்தத் தடவை டீத்தூளே இல்லை. பிற்பகலில் கோப்பை அவருக்கே என்று அறிவித்தார்கள்.

கைதட்டல் நடக்கும்போது மருந்துக்கடைக்காரர் அண்ணி பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்சம் தயங்கி மெதுவாகக் கேட்டார்.

"அண்ணி, அந்த வண்டிப்பாதை எங்க?"

அண்ணி திரும்பினாள்.

"இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒண்ணு ஓடுமே. நடுவுல குழியைச் சுத்திக்கிட்டு. கடைசி பீரங்கிகிட்ட புதைஞ்சிருக்கும். அதை ஏன் எடுத்துட்டீங்க?"

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"என்ன அண்ணி இப்படிக் கேக்கறீங்க? எதிர்ல நிக்கிறவன் நான்தானே. தோக்கறவனுக்கு வேற என்ன வேலை, அதைத்தான் பார்த்துக்கிட்டு நிப்பேன். அண்ணன் படையை நகர்த்த நகர்த்தப் பாதை துண்டு துண்டா போகும். ஐயோன்னு இருக்கும்."

அண்ணியின் முகத்தில் ஒரு கணம் வந்தது மகிழ்ச்சிதான். அது நிற்கவில்லை.

"இத்தனை வருஷமா பார்த்தீங்க. ஒருநாள்கூட ஏன் சொல்லல?"

அவர் விழித்தார். "ஆடும்போது எதிராளி படையைப் புகழக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு பழக்கம் அண்ணி. கண்ணு வச்ச மாதிரி ஆயிடும்னு வேடிக்கையா சொல்லிக்குவோம். அதுவும் இல்லாம, அண்ணனுக்குத் தெரியும்னு நினைச்சேன். அவர்தான் உங்ககிட்ட சொல்லிப் போடவச்சார்னு."

"அவர் சொல்லியா?"

"பின்னே?"

கணவர் மேல்கூட வராத கோபம் அண்ணிக்கு இந்த நல்ல மனிதர் மேல் வந்தது. கண் தெரியாதவரை என்ன செய்வது? கண் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவர் இவர். பார்த்ததையும் அவள் கணக்கில் வைக்காமல் பார்த்தவர்.

"அந்தப் பழசெல்லாம் இருக்கா அண்ணி? இருந்தா எனக்கு..."

"இல்ல" என்றாள். "தூக்கிப் போட்டாச்சு."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு நாற்காலிகள் இருந்த பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது பேருந்தில் கர்னல் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள், "அடுத்த தடவை அந்த வரியை எடுத்துடுங்க."

"எந்த வரி?"

"குடும்பத்தினர். தரையையும் நீங்களே போட்டுக்கங்க. இனிமே நான் போடல."

"களைச்சுப் போயிருக்க. ரெண்டு நாள் தூங்கினா சரியாயிடும்" என்றார் கர்னல். அன்போடுதான் சொன்னார். அவள் தலையில் வெயில் படாமல் திரைச்சீலையை இழுத்தும் விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பைக்கு அலமாரியில் இடம் பண்ணினார். அந்த வேகத்தில் வீட்டையே ஒழித்துப்போடக் கிளம்பிவிட்டார். துணி துவைக்கும் இடத்திலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, இந்த வாளி இன்னும் இங்கயே இருக்கே? கொண்டுபோய்ப் போட்டுடவா?"

அண்ணி அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். மேலாகக் கிடந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஆளில்லாத பாதக் குழிகளைப் பார்த்தார். விரலால் தடத்தை வருடினார்.

"அடேயப்பா, சக்கரம் போன தடமெல்லாம் போட்டிருக்கியே. நான் ஏதோ கோடுன்னுல்ல நினைச்சிருந்தேன். பெரிய வேலைதான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கையில் அரிசி நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை மட்டும்தான் அவர் எடுத்திருந்தார். இரண்டை எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றுகிறதா என்று கொஞ்சம் நின்றாள். அவர் அதை வாளியிலேயே திரும்பப் போட்டார்.

"வாளி வேணும்" என்றாள் அண்ணி. "மண்ணை மட்டும் கொட்டிட்டு வாங்க."